ஒரே நாளில் வேண்டாம்!

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் நாம் எல்லோரும் தவறாமல் செய்யும் காரியம் ஒன்று உண்டு. புதிய நோட்டுக்குப் பழுப்பு அட்டை போட்டு, பெயர்ச்சீட்டு ஒட்டி, முதல் பக்கத்தில் முத்து முத்தாக எழுதுவோம். தலைப்பின் கீழ் அளவுகோல் வைத்து அடிக்கோடு இடுவோம். மூன்றாம் வாரம் அதே நோட்டைத் திறந்து பார்த்தால், எழுதியது அதே கைதானா என்று நமக்கே ஐயம் வந்துவிடும்.

அருமைத் தோழியரே! உணவைப் பற்றி நாம் எடுக்கும் தீர்மானங்களும் இந்த முதல் பக்கத்தைப் போன்றவைதாம். "நாளை முதல் எண்ணெய்ப் பலகாரத்தைத் தொடமாட்டேன். சீனி கிடையாது, சோறு கிடையாது. விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து ஓடுவேன்" என்று ஞாயிறு இரவு சபதம் செய்கிறோம். திங்களன்று சபதம் நிமிர்ந்து நிற்கிறது. வியாழனன்று தள்ளாடுகிறது. சனிக்கிழமை மாலை பரோட்டாக் கடை வாசலில் உயிரை விடுகிறது. அதோடு சேர்ந்து ஓட்டமும் நின்றுபோகிறது.

நல்ல உணவுக்கு நாம் மாற வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஒரே நாளில் மாற வேண்டும் என்பதைத்தான் நான் மறுக்கிறேன். உடற்பயிற்சியை இடைவிடாமல் செய்துகொண்டே, உணவை மட்டும் ஒவ்வொரு படியாக மாற்றிக்கொள்வதே அறிவுடைமை என்பது என் கருத்து. இது புத்தகத்தில் படித்து வந்த கருத்தன்று. பட்டபின் வந்த புத்தி.

சென்ற ஆண்டு நான் பதினோராம் வகுப்பில் படித்தபோது, 800 மீட்டர் ஓட்டத்திற்கு என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். மண்டலப் போட்டிக்கு மூன்றே வாரங்கள் இருந்தன. என் பெரியம்மா மகளின் கைபேசியில் யாரோ ஒருவர், ஏழே நாளில் உடம்பைச் சுத்தமாக்கும் உணவு முறை என்று ஒன்றை விளக்கிக்கொண்டிருந்தார். எனக்கு ஆசை வந்துவிட்டது. திங்கட்கிழமை முதல் சோறு, இட்லி, எண்ணெய், சீனி எல்லாவற்றையும் நிறுத்தினேன். வெள்ளரிக்காயும் எலுமிச்சைச் சாறுமே என் உணவு. பயிற்சியை மட்டும் வழக்கம்போல் இரண்டு வேளையும் செய்தேன். "ஏட்டி, இது என்ன கோலம்? வாடிப்போன கீரைத்தண்டு மாதிரி இருக்கியே!" என்று ஆச்சி சத்தம் போட்டதையும் காதில் வாங்கவில்லை.

நான்காம் நாள் மாலை இரண்டாம் சுற்றில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. விழித்துப் பார்த்தபோது வேப்பமரத்து நிழலில் படுத்திருந்தேன். விளையாட்டு டீச்சர் என் முகத்தில் தண்ணீர் தெளித்துவிட்டு, "காலையிலே என்னம்மா சாப்பிட்டே?" என்று கேட்டார்கள். சொன்னேன். அவர்கள் கோபித்துக்கொள்ளவில்லை. "முதல் நாளே உன்னை நான் எட்டுச் சுற்று ஓடச் சொன்னேனா? இரண்டு சுற்றில் தொடங்கி, வாரத்துக்கு அரைச்சுற்றுதானே கூட்டினேன்? காலுக்குக் கொடுத்த அவகாசத்தை வயிற்றுக்குக் கொடுக்க வேண்டாமா?" என்று மட்டும் கேட்டார்கள்.

அந்த ஒரு கேள்விக்குள் இந்தக் கட்டுரை முழுவதும் அடங்கிவிட்டது.

மறுநாள் அம்மா என்னை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார்கள். இரத்தத்தில் ஹீமோகுளோபின் 10.2 கிராம்தான் இருந்தது. என் வயதுப் பெண்ணுக்குக் குறைந்தது 12 இருக்க வேண்டுமாம். அப்படியானால் நான்கு நாள் பட்டினி மட்டும் என்னை வீழ்த்தவில்லை. பல ஆண்டுகளாகக் காலைச் சிற்றுண்டியைத் தவிர்த்ததும், கீரையைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கியதும் சேர்ந்தே வீழ்த்தின. வெட்கத்தோடு இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். வாரந்தோறும் நமக்குத் தரும் இரும்புச்சத்து மாத்திரையை ஜன்னலுக்கு வெளியே எறிந்தவர்களில் நானும் ஒருத்தி. அந்த ஆண்டு மண்டலப் போட்டிக்கு என் பெயர் போகவில்லை.

இது என் ஒருத்தியின் கதை என்று எண்ணிவிடாதீர்கள். 2019-21இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு இரத்தசோகை இருக்கிறது. 40 பேர் அமர்ந்திருக்கும் வகுப்பறைக்கு இந்தக் கணக்கைப் போட்டால் ஏறத்தாழ 24 பேர்! காலையில் எழ முடியாத சோர்வை நாம் சோம்பல் என்கிறோம். படி ஏறினால் வரும் மூச்சு வாங்கலைப் பருமன் என்கிறோம். உடனே உணவைக் குறைக்கிறோம். நோய் ஒன்றிருக்க மருந்து வேறாகிறது. பலருக்குக் குறைவது சத்து. குறைக்க நினைப்பதோ சாப்பாட்டை!

ஆகவே முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். நல்ல உணவுக்கு மாறுவது மெலிவதற்காக அன்று, வலுப்பெறுவதற்காக. எனவே எதை விடுவது என்று தொடங்காமல், எதைச் சேர்ப்பது என்று தொடங்க வேண்டும்.

ஏன் படிப்படியாக மாற வேண்டும்? காரணங்கள் மூன்று.

முதற்காரணம் வயிறு. நார்ச்சத்தே அறியாத வயிற்றில் திடீரென்று பச்சைக் காய்கறியையும் பயறு வகைகளையும் கொட்டினால் அது உப்பிசமும் வலியுமாக எதிர்ப்புத் தெரிவிக்கும். சிறிது சிறிதாகக் கூட்டி, தண்ணீரும் நன்றாகக் குடித்து வந்தால் பழகிக்கொள்ளும்.

இரண்டாவது நாக்கு. உப்பும் இனிப்பும் நாம் நாக்குக்குக் கற்றுக்கொடுத்த பாடங்களே. சற்றே குறைத்துச் சில வாரங்கள் பொறுத்தால், பழைய அளவே நமக்குக் கரிக்கத் தொடங்கும். ஒரே நாளில் குறைத்தாலோ நாக்கு கலகம் செய்யும்.

மூன்றாவதும் முக்கியமானதும் வீடு. நம் அம்மாமார் விடியுமுன் எழுந்து ஐந்து பேருக்குச் சமைக்கிறார்கள். "எனக்கு மட்டும் தனிச் சமையல்" என்று நாம் கேட்டால், "ஏட்டி, ஒருத்திக்குன்னு தனி உலை வைக்க என்னால ஆகாது" என்று என் அம்மா சொன்னதையே எல்லா அம்மாக்களும் சொல்வார்கள். அது நியாயமும் ஆகும். ஆனால் மாதம் ஒரு சிறு மாற்றம் என்றால் வீடு முழுவதும் நம்மோடு மாறும். வீடு மாறாமல் பிள்ளை மட்டும் மாறினால் அது நிலைக்காது.

நான் செய்த மாற்றங்களைச் சொல்கிறேன். இதுவே சட்டம் என்று சொல்லவில்லை. ஒரு மாதிரிக்காகவே சொல்கிறேன்.

ஆகஸ்டு மாதம் காலைச் சிற்றுண்டி. அதுவரை ஒரு தம்ளர் காப்பியோடு ஓடிவந்த நான், இரண்டு இட்லியும் சாம்பாரும் உண்ணாமல் படி இறங்குவதில்லை என்று வைத்துக்கொண்டேன். அந்த மாதம் வேறு எதையும் மாற்றவில்லை. செப்டம்பரில், பள்ளி விட்டதும் வாங்கிக் குடிக்கும் குளிர்பானத்திற்குப் பதில் தண்ணீர். சில நாள் மோர். சர்க்கரையை நாள் ஒன்றுக்கு 25 கிராமுக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அது ஏறத்தாழ ஆறு தேக்கரண்டி. 250 மில்லி கோலா பானம் ஒன்றிலேயே ஏறக்குறைய அவ்வளவு சர்க்கரை இருக்கிறது. ஒரு நாளின் கணக்கை ஒரே மூச்சில் முடித்துவிடுகிறோம்!

அக்டோபரில் மாலைத் தின்பண்டம். சிப்ஸ் பொட்டலத்தின் இடத்தில் அவித்த கடலை, சுண்டல், கொய்யா, வாழைப்பழம். காசும் கூடுதலாகவில்லை. பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படிக்கவும் அப்போதுதான் கற்றுக்கொண்டேன். எந்தப் பொருள் அதிகமாகச் சேர்ந்திருக்கிறதோ அதை முதலில் எழுத வேண்டும் என்பது விதி. சர்க்கரையும் பனைஎண்ணெயும் முதல் வரிசையில் நின்றால், முன்பக்கத்தில் எந்தப் பழத்தின் படம் இருந்தால் என்ன?

நவம்பரில் கீரை. வாரம் இரண்டு நாள். ஆய்ந்து தருவது என் வேலை என்று அம்மாவிடம் ஒப்பந்தம் செய்துகொண்டேன். முருங்கைக் கீரையை உருவிக்கொண்டே வேதியியல் சமன்பாடுகளை மனப்பாடம் செய்யலாம் என்பது என் கண்டுபிடிப்பு! டிசம்பரில் எதையும் மாற்றவில்லை. அரையாண்டுத் தேர்வும் கிறிஸ்துமஸ் பலகாரமும் ஒருங்கே வரும் மாதத்தில் புதுச் சபதம் எடுப்பவள் தோற்பாள். பழைய நான்கு மாற்றங்களைக் காப்பாற்றியதே பெரிது.

ஜனவரியில், சாப்பாட்டோடு காப்பி, தேநீர் குடிப்பதை நிறுத்தி, ஒரு மணி நேரம் தள்ளிவைத்தேன். கீரையிலும் பயற்றிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்பதை இவை தடுக்கின்றன. எலுமிச்சை, நெல்லி, கொய்யா போன்றவற்றிலுள்ள வைட்டமின் சி அதற்குத் துணை செய்கிறது. பிப்ரவரியில், வாரம் இரு முறை கேப்பைக் களி அல்லது தோசை. 100 கிராம் கேப்பையில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. எலும்புகள் வலுப்பெறும் வயது இதுதான். ஐக்கிய நாடுகள் சபை 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியதை ஆச்சியிடம் சொன்னேன். "நாங்க வருசம் பூராவும்லா அதைக் கொண்டாடினோம்!" என்றார்கள். பெண் பிள்ளைகளுக்கு உளுந்தங்களி கிண்டிக் கொடுத்த நம் ஊர்ப் பாட்டிமார் எந்தக் கல்லூரியிலும் சத்துணவு படித்தவர்கள் அல்லர். ஆயினும் களியில் சேரும் கருப்பட்டியும் சர்க்கரையே. பழமை என்பதற்காக அளவு மீறலாகாது.

இத்தனைக்கும் நடுவே பயிற்சியை நான் நிறுத்தவில்லை. மயங்கி விழுந்தபின் மருத்துவர் சொன்னபடி சில வாரங்கள் நடை மட்டும், பிறகு மெல்லோட்டம், பிறகுதான் ஓட்டம். 5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாள்தோறும் சராசரி 60 நிமிடம் உடலுக்கு நன்றாக வேலை கொடுக்க வேண்டும் என்றும், வாரத்தில் மூன்று நாளாவது தசைக்கும் எலும்புக்கும் வலுவூட்டும் பயிற்சி வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் உள்ளது. இதற்கு மைதானம்தான் வேண்டும் என்பதில்லை. பள்ளிக்கு விரைந்து நடப்பதும் மிதிவண்டி மிதிப்பதும் கயிறு தாண்டுவதும் கோ-கோவும் எறிபந்தும் இந்தக் கணக்கில் சேர்ந்தவையே. மாதவிடாய் நாட்களிலும் உடம்பு இடங்கொடுத்தால் இலேசான பயிற்சி செய்யத் தடையில்லை.

பயிற்சிக்கும் உணவுக்கும் உள்ள உறவைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். "ஒரு பப்ஸ் தின்றுவிட்டேன், ஆகவே இரண்டு சுற்று ஓட வேண்டும்" என்பாள் ஒரு தோழி. தின்றது குற்றம், ஓடுவது அபராதம் என்று கணக்கு வைப்பவளுக்கு நாளடைவில் உணவும் வெறுக்கும், ஓட்டமும் வெறுக்கும். ஓடுவதற்காக உண்கிறோம், ஓடியதால் நன்றாகப் பசிக்கிறது. இதுவே சரியான உறவு. பசியறிந்து அளவோடு உண்பதைப் பற்றி வள்ளுவரும் 'மருந்து' என்ற அதிகாரத்தில்தானே பேசுகிறார்!

உணவு குறைந்தால் ஓட்டம் என்ன ஆகும் என்பதற்கு நம் அண்டை மாநிலத்து வீராங்கனை பி.டி. உஷாவின் வாழ்க்கையே சான்று. 1984ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் பெண்களுக்கான 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்தில் மூன்றாவதாக வந்தவரின் நேரம் 55.41 வினாடி. உஷாவின் நேரம் 55.42 வினாடி. வினாடியில் நூறில் ஒரு பங்கில் பதக்கம் நழுவியது. ஒலிம்பிக் கிராமத்து உணவு தமக்குப் பழக்கமில்லாததால் கஞ்சியும் ஊறுகாயும் உண்டே காலம் தள்ளியதாகவும், அதனால் கடைசி 35 மீட்டரில் தம் சக்தி குன்றியதாகவும் பல ஆண்டுகளுக்குப் பின் அவர் கூறினார். கஞ்சி தீய உணவன்று. ஆனால் பயறோ முட்டையோ மீனோ சேராத வெறுங்கஞ்சியை நம்பி ஒரு வீராங்கனை ஓட முடியாது. எத்தனை ஆண்டுப் பயிற்சியானாலும் தட்டில் இல்லாதது காலில் வராது.

இங்கே பெற்றோரிடம் ஒரு வார்த்தை சொல்ல விரும்புகிறேன். பல வீடுகளில் முட்டை தம்பிக்கு முழுதாகவும் அக்காவுக்குப் பாதியாகவும் வருகிறது. மீன் குழம்பில் துண்டு ஆண்களுக்கு, குழம்பு பெண்களுக்கு. எல்லோரும் உண்டபின் மிஞ்சியதை உண்பவர் அம்மா. இது அன்புக் குறைவால் நடப்பதன்று, பழக்கத்தால் நடப்பது. வளரும் பருவத்தில் மகனைவிட மகளுக்கே இரும்புச்சத்து கூடுதலாகத் தேவைப்படுகிறது. பெண் பிள்ளையைக் கீரை தின்னச் சொல்லும் முன், அவள் தட்டில் முழு முட்டையை வையுங்கள். எங்கள் வீட்டில் இப்போது முட்டை எல்லோருக்கும் ஒரே அளவு. கடைசியாக அந்தக் கணக்கில் சேர்ந்தவர்கள் அம்மா. அதற்கு நான் ஒரு மாதம் மன்றாட வேண்டியிருந்தது.

பள்ளிகளுக்கும் ஓர் அன்பு வேண்டுகோள். கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த தின்பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும், வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கலாகாது என்று 2020இல் விதி வந்திருக்கிறது. விதியை வெறுமனே நிறைவேற்றினால் அந்தப் பண்டம் 51ஆவது மீட்டரில் நிற்கும். அதன் இடத்தில் சுண்டலும் பழமும் கடலை உருண்டையும் விலை குறைவாகக் கிடைத்தால் நாங்கள் ஏன் அங்கே போகிறோம்? மேலும், பொதுத்தேர்வு எழுதும் வகுப்புகளுக்கு விளையாட்டுப் பாடவேளையைக் கணக்குக்கும் இயற்பியலுக்கும் கடன் கொடுக்கும் வழக்கம் நாட்டில் பல இடங்களில் இருக்கிறது. அந்தக் கடனை யாரும் திருப்பித் தருவதில்லை!

"வசதியுள்ளவர்களுக்கல்லவா இதெல்லாம்?" என்று ஒரு தோழி என்னிடம் கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் நான் சொன்னவற்றுள் வெளிநாட்டு விதையோ டப்பாவில் வரும் சத்து மாவோ இல்லை. முருங்கை பல வீட்டுக் கொல்லையில் நிற்கிறது. கடலையும் கேப்பையும் நம் மண்ணில் விளைபவை. 'சுத்தமான உணவு' என்று பெரிய பெயர் சூட்டி விலையை ஏற்றுபவர்களை நம்பாதீர்கள். அவ்வாறே, உணவைச் சுத்தம், அசுத்தம் என்று பிரித்துத் தோழியின் டிபன் டப்பாவைப் பார்த்து முகம் சுளிப்பதும் தகாது. பண்டிகை நாளில் அதிரசத்தை மறுத்து ஆச்சியின் மனத்தை நோகச் செய்வதைவிட, ஒன்றை ரசித்துத் தின்றுவிட்டு மறுநாள் வழக்கத்திற்குத் திரும்புவதே மேல்.

முடிவு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மருத்துவர் கொடுத்த மாத்திரைகளும் மாறிய உணவும் சேர்ந்து, ஆறு மாதத்தில் ஹீமோகுளோபின் 12.1க்கு உயர்ந்தது. இந்த ஆண்டு மண்டலப் போட்டியில் ஓடினேன். பரிசு மேடை ஏறவில்லை, ஐந்தாவதாக வந்தேன். ஆனால் சென்ற ஆண்டு நான் விழுந்த அதே இரண்டாம் சுற்றில் இருவரை முந்தினேன். கோட்டைத் தாண்டியபின் என் கால்களிலேயே நின்றேன். அந்த மகிழ்ச்சிக்கு எந்தக் கோப்பையும் ஈடாகாது.

ஆண்டு முடியப் போகிறது தோழியரே. உங்கள் நோட்டுகளை எடுத்துப் பாருங்கள். முதல் பக்கம் எல்லோருடையதும் அழகாகத்தான் இருக்கும். கடைசிப் பக்கம் எப்படி இருக்கிறது என்பதல்லவா கேள்வி? பெரிய சபதம் எதுவும் வேண்டாம். நாளைக் காலை வெறும் வயிற்றோடு வீட்டுப் படி இறங்காதீர்கள். இந்த மாதத்திற்கு அது ஒன்று போதும். மாலையில் வழக்கம்போல் மைதானத்துக்கு வாருங்கள். அடுத்த மாதம் அடுத்த படியைப் பார்த்துக்கொள்வோம்.

- மேல்நிலை இரண்டாம் ஆண்டு மாணவி